பின் சக்கரத்து முனகலும் ஒரு சுற்றுக்கு ஆறு டிக்கும்

காரின் பின் சக்கரத்திலிருந்து கழற்றிய பழைய பேரிங், அதாவது சக்கரம் உரசாமல் சுற்ற உதவும் பந்துகள் அடைத்த வளையம், இப்போது மேசைமேல் இருக்கிறது. உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினால் ஈர மணலைத் தேய்ப்பது போல நறநறக்கிறது. வெளியே பார்த்தால் ஒரு கீறல் இல்லை, சீல் கிழியவில்லை, கிரீஸ் வழியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருளைக் கண்டுபிடித்து மாற்ற எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின. முதல் இரண்டும் வேறு இடங்களைத் தோண்டுவதிலேயே போயின. எங்கெங்கே தவறினேன் என்பதையும் சேர்த்து நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதே சத்தத்தோடு யாராவது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் உதவும்.

முதலில் வண்டியைப் பற்றி. முன் சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார். 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயர் 175/65 ஆர்14. பின்னால் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம் போன்ற டிரம்மின் உள்சுவரில் ஷூ எனும் வளைந்த கட்டைகள் விரிந்து உரசி நிறுத்தும் வகை. நடுவில் இருக்கும் ஆக்சில் முளை சுற்றாது, டிரம்தான் அதன்மேல் சுற்றும். பேரிங் டிரம்முக்குள்ளேயே அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போகும் எல்லாம் எளிதில் விளங்கும்.

சத்தம் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் தொடங்கும். முதலில் தூரத்தில் விமானம் போவது போல ஒரு 'ம்ம்ம்'. 60-இல் அது பின் சீட்டின் அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 80-இல் பின்னால் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டும். 40-க்குக் கீழே ஒன்றுமே இல்லை. சாலை மாறினாலும் சத்தத்தின் சாயல் மாறவில்லை.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். காலியான நேர்சாலையில் 70-இல் போய் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். இன்ஜின் சுழற்சி இறங்கியது, முனகல் அப்படியே இருந்தது, வண்டி வேகம் குறையக் குறையத்தான் அதுவும் குறைந்தது. அதோடு இன்ஜின்மேல் இருந்த சந்தேகம் கழிந்தது. (நியூட்ரல் போதும், ஓடும்போது இன்ஜினை அணைக்க வேண்டாம். ஸ்டியரிங் கனத்துப்போகும், பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும்.) பிரேக் பெடலை மெல்லத் தொட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை.

அடுத்த சந்தேகம் டயர். பின் டயர்களின் உள்விளிம்பு ரப்பர் மேடுகள் லேசாக அலை அலையாகத் தேய்ந்திருந்தன, உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் ரம்பம் போல உரசும். இப்படித் தேய்ந்த டயர் பேரிங் போலவே முனகும் என்பதால் நான்கு டயர்களையும் மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கே கிட்டத்தட்ட வந்துவிட்டேன். நல்ல வேளை, வாங்குவதற்கு முன் முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். 50 நிமிட வேலை. டயர்தான் காரணம் என்றால் சத்தம் டயரோடு முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பின் சீட்டின் அடியிலேயே இருந்தது. இத்தனை நாளும் செய்த வேலைகளில் அதிகம் மிச்சப்படுத்தியது இந்த 50 நிமிடம்தான்.

சரி, பேரிங் என்று வைத்துக்கொள்வோம். இடதா, வலதா?

இங்கேதான் தடம் மாறினேன். ஓடும்போது ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஒடித்தால் பாரம் ஒரு பக்கச் சக்கரத்தில் ஏறி மறுபக்கத்தில் இறங்கும். பாரம் ஏறும்போது கெட்டுப்போன பேரிங்கின் சத்தம் கூடும். அகலமான காலிச் சாலையில் 60-இல் செய்து பார்த்தேன். இடது பக்கம் ஒடித்தபோது முனகல் தெளிவாகக் கூடியது, வலது பக்கம் ஒடித்தால் அடங்கியது. இடது பக்கம் ஒடித்தால் கூடுகிறது, ஆகவே இடது சக்கரம் என்று எழுதிவைத்துக்கொண்டேன். நேர் எதிராக எடுத்திருக்க வேண்டும். இடது பக்கம் திரும்பும்போது வண்டி வலது பக்கம்தான் சாயும், பாரமும் வலது சக்கரத்தில்தான் ஏறும். பேருந்தில் நின்றுகொண்டு பயணம் செய்த எவருக்கும் உடம்பே சொல்லும் விஷயம் இது. தாளில் எழுதும்போது கோட்டைவிட்டேன்.

பின் சீட்டில் உட்கார்ந்து காது கொடுத்த தம்பி அன்றே சொன்னான்: "இல்லண்ணா, எனக்கு வலது பக்கந்தான் கேக்குது." காருக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை நம்பிச் சொல்ல முடியாது, தகடு முழுவதும் அதிரும் என்று அவனுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். பொதுவாக அது உண்மைதான். ஆனாலும் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்திருக்கலாம்.

இடது சக்கரத்தைத் தூக்கினேன். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை, கியர் முதலாவதில், ஹேண்ட் பிரேக் இறக்கிவிட்டது. ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டை அடியில் வைத்து வண்டியை அதன்மேல் இறக்கினேன். வெறும் ஜாக்கியை நம்பிச் சக்கரத்தருகே உட்காரவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுழற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'ஸ்ஸ்க்' என்று உரசல். கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் டிரம்மைத் திறந்தேன்.

உள்ளே பேரிங் பட்டுப்போல ஓடியது. உரசியது டிரம்மின் விளிம்பு. பிரேக் ஷூ படாத ஓரத்தில் துருவேறி ஒரு வரம்பு கட்டியிருந்தது, அதன் ஒரு மேடு பின்தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. அரத்தால் வரம்பை இறக்கினேன், பிரேக் கிளீனர் அடித்துத் தூளை நனைத்தே துடைத்தேன். பிரேக் தூளை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதக் கூடாது, மூச்சில் போகவே கூடாத தூள் அது. ஷூவின்மேல் உரசித் தேயும் லைனிங் 3.1 மில்லிமீட்டர் இருந்தது, இன்னும் நாள் இருக்கிறது. எல்லாம் சுத்தம். திரும்பப் பூட்டப்போகும்போதுதான் கையேட்டைப் பார்த்தேன்: ஆக்சில் நட் தானே பூட்டிக்கொள்ளும் வகை, ஒரு முறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். என்னிடம் புது நட் இல்லை. சக்கரத்தையே தாங்கிப் பிடிக்கும் நட்டில் சிக்கனம் பார்க்க மனம் வரவில்லை. புது நட் வர நான்கு நாளானது, அதுவரை வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது.

பூட்டி ஓட்டினேன். 'ஸ்ஸ்க்' போயிருந்தது. 40-ஐத் தாண்டியதும் 'ம்ம்ம்' பழையபடி வந்தது.

அன்று மாலை தாளில் ஒரு வண்டியை வரைந்து பாரம் எப்படிச் சாய்கிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தபோதுதான் தவறு புரிந்தது. அடுத்த வார இறுதியில் வலது சக்கரத்தைத் தூக்கினேன்.

வினோதம் என்னவென்றால், கையால் சுழற்றியபோது வலது சக்கரம் துளிச் சத்தமும் போடவில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டமும் இல்லை. பேரிங் போனால் சக்கரம் ஆடும் என்று கேட்டே பழகியிருப்பதால் இந்த இடத்தில் பலர் ஜாக்கியை இறக்கிவிடுவார்கள். நானும் இறக்கியிருப்பேன். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் காயில் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் வழி ஒன்று நினைவுக்கு வந்தது. பிடித்தேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை, விரல் நுனியில் மட்டும் சன்னமான ஒரு நடுக்கம், ரவையை உருட்டுவது போல. சக்கரம் நின்றதும் அதுவும் நின்றது. மறுபடி சுழற்றினேன், மறுபடி வந்தது. உடனே இடது பக்கத்தையும் தூக்கி அந்தப் பக்க ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக எதுவும் இல்லை. உறுதி செய்துகொள்ள நீளமான திருப்புளியின் முனையை ஆக்சில் முளையின் பின்பக்கம் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே எலும்பில் அழுத்தி, தம்பியைச் சுழற்றச் சொன்னேன். வலது பக்கம் மட்டும் மில் ஓடுவது போன்ற சீரான கரகரப்பு.

முதல் நாளே இரண்டு பக்கத்தையும் தூக்கி இரண்டு ஸ்பிரிங்குகளையும் பிடித்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அடுத்த முறை என் முதல் வேலை இதுதான், ஸ்டியரிங் சோதனையெல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது கழற்றும் கதை. ஆக்சில் நட்டுக்கு 30 மில்லிமீட்டர் சாக்கெட், அரை அங்குலக் கம்பி, அதன்மேல் 60 சென்டிமீட்டர் இரும்புக்குழாய். நட்டைத் தளர்த்தும்போது சக்கரம் தரையில் இருக்க வேண்டும், தூக்கிய வண்டியில் அந்த அளவு பலம் போட்டால் ஸ்டாண்டிலிருந்து நழுவலாம். நட்டை மூடியிருக்கும் தகரக் குப்பியை உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுத்தேன். கொஞ்சம் நசுங்கியது. சாதாரணத் தகரம்தானே என்று ஓரமாக வைத்தேன். இந்தக் குப்பி கடைசியில் திரும்ப வரும்.

நட்டை எடுத்தும் டிரம் வரவில்லை. உள்ளே ஷூக்கள் தேய்ந்த பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு வரம்பில் மாட்டியிருந்தன. பின்தகட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பை எடுத்து, அந்த ஓட்டை வழியாகத் திருப்புளி விட்டு, ஷூக்களை விரித்து வைக்கும் அட்ஜஸ்டரைப் பின்னால் திருப்பியதும் டிரம் கையோடு வந்தது. ஆனால் பேரிங்கின் உள்வளையத்தில் ஒரு பாதி ஆக்சில் முளையிலேயே தங்கிவிட்டது. உளியால் தட்டி எடுக்கத் தோன்றும், தட்டக் கூடாது. முளையில் ஒரு வெட்டு விழுந்தால் புது பேரிங் சரியாக உட்காராது. இரண்டு கால் புல்லர் வைத்து இழுத்தேன், கால் மணி நேரத்தில் வந்தது. முளையை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து வெர்னியரால் மூன்று இடத்தில் அளந்தேன். தேய்மானம் இல்லை.

எடுத்த அந்த உள்வளையத்தை வெளிச்சத்தில் பிடித்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பந்துகள் ஓடும் தடத்தில் சுமார் கால் வட்ட நீளத்துக்கு மட்டும் ஊசியால் குத்தியது போலப் பொடிப்பொடிக் குழிகள், மீதி முக்கால் வட்டம் கண்ணாடி போலப் பளபளப்பு. உள்வளையம் சுற்றாமல் நிற்பதால் வண்டியின் பாரம் எப்போதும் அதன் அடிப்பக்கத்திலேயே விழுகிறது. 92,000 கிலோமீட்டரின் எடை முழுவதையும் அந்தக் கால் வட்டம்தான் சுமந்திருக்கிறது. அதைத் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரம்முக்குள் பேரிங்கைப் பிடித்திருக்கும் லாக் வளையம் துருப்பிடித்து ஒட்டியிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் லாக் பிளையரால் எடுத்தேன். துள்ளித் தெறித்துச் சுவரில் போய் அடித்தது. கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள். பழைய பேரிங்கைத் தட்டி வெளியே எடுப்பது எளிது, எப்படியும் குப்பைக்குப் போவதுதான்.

புதியதைப் பொருத்துவதில்தான் என் பெரிய தவறு. அளவு 25 × 52 × 37 மில்லிமீட்டர்: உள்விட்டம், வெளிவிட்டம், அகலம். கையில் பொருத்தமான சாக்கெட் ஒன்று இருந்தது, அதைப் பேரிங்கின் நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினேன். சாக்கெட் உட்கார்ந்தது உள்வளையத்தில், டிரம்மில் இறுகுவதோ வெளிவளையம். ஒவ்வோர் அடியும் உள்வளையத்திலிருந்து பந்துகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போயிருக்கிறது. பேரிங் இறங்கியது, லாக்கும் மாட்டினேன். விரலை விட்டுச் சுற்றினால் ஒவ்வொரு பந்தும் ஒரு குழியில் விழுந்து ஏறுவது போல 'டொக், டொக்' என்று தடுக்கியது. ஒரு மீட்டர்கூட ஓடாத பேரிங் கையிலேயே செத்துவிட்டது. அன்று வேலையை அதோடு நிறுத்தினேன்.

இரண்டாவது பேரிங்குக்கு அவசரப்படவில்லை. 16 மில்லிமீட்டர் மரைக்கம்பி ஒன்று, இரண்டு நட், தடித்த வாஷர்கள் எடுத்துக்கொண்டேன். அடித்துக் கெடுத்த பேரிங்கின் வெளிவளையத்தை வெளிப்புறத்தில் சற்றே தேய்த்துச் சிறிதாக்கினால் அதுவே கச்சிதமான அழுத்து வளையமாகிவிடும், ஏனென்றால் அது புதிய வெளிவளையத்தின்மேல் மட்டும்தான் உட்காரும். பேரிங்கைப் பையோடு மூன்று மணி நேரம் ஃபிரீசரில் வைத்தேன். டிரம்மை வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாக்கினேன். குளிரில் பேரிங் சுருங்கி, சூட்டில் டிரம் விரிந்து கிடைக்கும் இடைவெளி எல்லாம் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்குதான், ஒரு தலைமுடியின் கனம். அந்த முடியளவு போதுமானதாக இருந்தது. கம்பியின் இருமுனை நட்டுகளையும் மெல்ல இறுக்க இறுக்க, பேரிங் ஒரே சீராக இறங்கி அடியில் தட்டி நின்றது. எப்போது தட்டியது என்று ஸ்பேனர் பிடித்த கைக்குத் தெரிந்துவிடும், சட்டென்று கனக்கும். லாக் வளையம் அதன் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்ததா என்று திருப்புளி முனையால் சுற்றித் தடவிப் பார்த்தேன். இப்போது உள்வளையம் தேன் போலச் சுற்றியது.

ஒரு கவனம்: சில வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான காந்த வளையம் இருக்கும். அதைச் சென்சார் இருக்கும் பக்கம் பார்த்தே பொருத்த வேண்டும், காந்தத்தை அருகே கொண்டுபோகவும் கூடாது. என் வண்டியில் அது இல்லை.

முளையில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, டிரம், புது நட். என் வண்டிக் கையேட்டில் இந்த நட்டுக்கு இறுக்கும் அளவு 175 நியூட்டன் மீட்டர், சக்கரப் போல்ட்டுகளுக்கு 105. வண்டிக்கு வண்டி இது மாறும், உங்கள் கையேட்டைப் பாருங்கள். நட்டை இறுக்கும்போது இடையிடையே டிரம்மைச் சுற்றிக்கொண்டே இருந்தேன், பந்துகள் தங்கள் தடத்தில் சரியாக அமரும். கடைசி இறுக்கம் சக்கரத்தைத் தரையில் இறக்கிய பிறகு. இறுக்கும் அளவை வைத்துக்கொள்ளும் டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று இழுக்கக் கூடாது. அட்ஜஸ்டரைத் திரும்ப ஏற்றி, பிரேக் பெடலைப் பத்துப் பதினைந்து முறை மிதித்து, ஹேண்ட் பிரேக் பழைய இடத்திலேயே பிடிக்கிறதா என்று பார்த்தேன்.

கணக்கு பார்த்தால் பேரிங் இரண்டு, அதில் ஒன்று வீண். நட் இரண்டு, பிரேக் கிளீனர் ஒரு குப்பி, புல்லர் இரவல். ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் ஒரு லேத் பட்டறையில் டிரம்மையும் பேரிங்கையும் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் அழுத்திக் கொடுத்திருப்பார்கள், கெடுத்த பேரிங்கின் விலையும் மிஞ்சியிருக்கும். மரைக்கம்பி முறை வேலை செய்கிறது. ஆனால் பக்கத்தில் பிரஸ் இருந்தால் அங்கேதான் போவேன்.

ஓட்டினேன். 40, 60, 80. முனகல் இல்லை. தம்பி பின் சீட்டிலிருந்து சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு வந்தான். ஐந்து கிலோமீட்டர் கழித்து நிறுத்தி, புறங்கையை இரண்டு சக்கரங்களின் நடுவிலும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே சூடு.

ஆனால் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது, நடை வேகத்தில், வலது பக்கம் 'டிக் டிக் டிக்' என்று புதிதாக ஒன்று. வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது பேரிங்கும் போயிற்றா?

இந்த முறை ஸ்பேனரை எடுக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். நியூட்ரலில் தம்பி வண்டியை மெல்லத் தள்ள, நான் சக்கரத்தருகே குனிந்து நடந்தேன். கோடு கீழே வந்ததிலிருந்து மறுபடி கீழே வருவதற்குள், அதாவது சுமார் 1.83 மீட்டர் நகர்வதற்குள், எண்ணினேன். ஆறு. இன்னொரு சுற்று. ஆறு. மூன்றாவது சுற்றிலும் ஆறு.

டயரில் மாட்டிய கல் என்றால் ஒன்று. துருவேறிய ஒரு மேடு என்றாலும் ஒன்று. இந்தச் சக்கரத்தில் ஆறாக இருப்பது எது? சுற்றாத முளையின்மேல் சுற்றாமல் நிற்கும் நட்டுக்கு மூலைகள் ஆறு. அதைச் சுற்றிக்கொண்டு டிரம்மோடு ஓடுவது, நான் உளியால் நசுக்கிய அந்தத் தகரக் குப்பி.

குப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். நசுங்கிய இடத்தில் அரிசி நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கீறல். பெரிய சாக்கெட் ஒன்றை உள்ளே கொடுத்து, மரத்துண்டால் வெளியிலிருந்து சுற்றித் தட்டி வளைவை எடுத்தேன். திரும்பப் பொருத்தும்போது ஒரே இடத்தில் அடிக்காமல் மரக்கட்டையை வைத்துச் சுற்றிலும் தட்டி இறக்கினேன். தம்பி மறுபடி தள்ளினான். சரளைக்கல் நெரியும் சத்தம் மட்டும்.

50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கரப் போல்ட்டுகளை மறுபடி 105-க்குச் சரிபார்த்தேன், ஒன்றும் தளரவில்லை. இடது பேரிங்கையும் சேர்த்து மாற்றலாமா என்று யோசித்தேன். அதுவும் அதே 92,000 ஓடியதுதான். ஆனால் ஸ்பிரிங்கில் கை வைத்தால் இன்னும் அமைதியாகவே இருக்கிறது, நன்றாக ஓடும் பேரிங்கைக் கழற்ற எனக்கு விருப்பமில்லை. அதற்கான புது நட்டை மட்டும் இப்போதே வாங்கி, மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.